இமானி பக்கத்தில் இருந்தபோது

சிரித்துவிட்டாள்.

பாதியில் வாயை மூடிக்கொண்டாள். என்ன பிரயோஜனம்? சிரிப்பு வெளியே போயாகிவிட்டது.

கையில் இருந்த போனில் அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். கோவில்பட்டியில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குப் பின்னால் குக்கர் இரைந்தது.

பக்கத்தில், ஹாஸ்டல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்த இமானி மட்டும் சிரிக்கவில்லை.

நாளை சாயங்காலம் சங்கத்தின் கூட்டம்.

கருப்பினப் பெண்களை அமெரிக்கக் கல்லூரிகளில் எந்தச் சங்கமும் உள்ளே விடாத காலத்தில், அவர்கள் தங்களுக்கென்று தொடங்கிக்கொண்ட சகோதரிகள் சங்கம் அது. இவளைப் போல இந்தியாவிலிருந்து படிக்க வந்த ஒருத்தி அதில் சேரக் கேட்டு இந்த வளாகத்தில் யாரும் பார்த்ததில்லை. முகத்துக்கு நேரே வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் ஒருத்தி எழுந்து நின்று, இவளுக்கு நான் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இவளுக்காக இமானி சொல்வதாக இருந்தாள்.

ஏன் சேர வேண்டும் என்று இமானி ஒரு தடவைதான் கேட்டிருந்தாள். உங்கள் நடுவில் உட்கார்ந்தால் என் நிறம் எனக்கு ஞாபகம் வருவதில்லை என்று இவள் சொன்னாள்.

எங்களுக்கு எப்போதும் ஞாபகம் இருக்கும் என்றாள் இமானி.

ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

இன்று அவள் வந்ததே அம்மாவைப் பார்க்கத்தான். ஒருத்திக்குப் பொறுப்பேற்கும் முன்னால் அவள் வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் இமானிக்கு. வணக்கம் என்று சொல்லப் பழகிக்கொண்டு வந்திருந்தாள். போனைப் பார்த்துக் கைகூப்பிச் சொன்னாள்.

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, நீயே ஒரு கரிக்கட்டை. தொணைக்கு இன்னொரு கட்டையப் புடிச்சு வச்சிருக்கியே. லைட்டப் போட்டாத்தான் ஆளே தெரியும் போல."

அதற்குத்தான் இவள் சிரித்தாள்.

வேண்டுமென்றா சிரித்தாள்? கரி என்று யாராவது சொன்னால் இவளுக்குச் சிரிப்பு தானாக வரும். பள்ளிக்கூட நாடகத்தில் வருஷா வருஷம் அரக்கி வேஷம் இவளுக்குத்தான். மைச் செலவு மிச்சம் என்பார் டீச்சர். எல்லாரும் சிரிப்பார்கள். அழுதால் இன்னும் சிரிப்பார்கள். அதனால் அவர்கள் சிரிக்கும் முன்னால் தானே சிரித்துவிடப் பழகிக்கொண்டாள். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று இவளை உள் அறையில் இருக்கச் சொன்னார்கள். சிரித்துக்கொண்டேதான் போய் உட்கார்ந்தாள்.

இதையெல்லாம் இமானியிடம் எந்த இங்கிலீஷில் சொல்வது?

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் இமானி.

"நீ ரொம்ப அழகா இருக்கியாம்."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். பாவி. அழகு என்று சொன்னதற்கா ஒருத்தி அப்படிச் சிரிப்பாள்?

இமானி மெல்லத் தலையாட்டினாள்.

"எங்களப் பாத்து இப்படிச் சிரிக்கிறத நான் சின்ன வயசுலேர்ந்து கேக்குறேன். அதுக்கு உங்க பாஷை தெரியணும்னு இல்ல."

கோபப்பட்டிருந்தால் தேவலை. காலில் விழுந்தாவது சரிக்கட்டியிருக்கலாம். அவள் கோபமே படவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"என்னையும் சேத்துத்தான் சொன்னாங்க."

இது சத்தியமான உண்மை.

"அப்ப நீ எதுக்குச் சிரிச்ச?"



இமானி எழுந்து ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டாள்.

அங்கே அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனுக்குள் அவள் முகம் கிட்டே வந்தது.

"அந்தப் புள்ள ஏன் எந்திரிச்சிட்டா? மொகமே வாடிக் கெடக்கு. சாப்பிட்டாளான்னு கேளுட்டி. வெறும் வயித்தோட அனுப்பாத. நான் குடுத்துவிட்ட கடலை மிட்டாய் இருக்குல்லா, எடுத்துக் குடு."

இமானி கதவருகே நின்றாள்.

"இப்ப என்ன சொல்றாங்க?"

"நீ சாப்பிட்டியான்னு கேக்குறாங்க."

அம்மா கேட்டதை அப்படியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

இமானி இவளையே பார்த்தாள். இதையும் நம்பச் சொல்கிறாயா என்று அவள் கேட்கவில்லை.

"நாளைக்கு நீ வர வேணாம்" என்றாள்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

"என்னட்டி சொல்லுதா?" என்று கேட்டாள் அம்மா.

இவள் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"சாப்பிட்டுட்டாளாம், அம்மா."