மீதி பூஜ்ஜியம்

“ஆயிரத்துப் பதிமூணாலயும் போவல” என்று வல்லரசு முனகியதும், பஸ்ஸில் பக்கத்து சீட்டு கோவிந்தம்மாள் கொய்யாக் கூடையை மடியோடு இழுத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்தார்.

அவர் பயந்ததில் தப்பில்லை. நாலு நாள் தாடியோடு ஒருவன் நோட்டு முழுக்க வகுத்துத் தள்ளினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

வேறொன்றுமில்லை, காதல். தினமும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய் டியூஷன் சென்டரில் கணக்கு எடுப்பவன் அவன். அங்கே புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர் சங்கவியிடம் திங்கட்கிழமை போன் நம்பர் கேட்டான். “நாளைக்குத் தர்றேன் சார்” என்றாள்.

மறுநாள் மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டிச் சீட்டு ஒன்றை நீட்டினாள். அதில் இருபது இலக்க எண். ஏழுக்கெல்லாம் இடுப்பில் கோடு, மண்டிக்காரர்கள் போடுவதுபோல.

“ரெண்டு பகா எண்ணைப் பெருக்கினது சார் இது. அதுல ஒண்ணு நீங்க கூப்பிட வேண்டிய நம்பர். கையாலதான் போடணும், போன், கம்ப்யூட்டர் தொடக் கூடாது.”

“டைம் எவ்ளோ மிஸ்?”

“சனிக்கிழமை வரைக்கும். எங்கப்பா விழுப்புரத்துல ஒரு மாப்பிள்ளைய பாத்து வெச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரச் சொல்லப் போறாரு.”

அப்பா என்றால் மண்டி கண்ணையன். அவர் அதட்டினால் லாரி தானாக ரிவர்ஸ் எடுக்கும் என்பார்கள்.

இன்று சனிக்கிழமை. விழுப்புரம் திரும்பும் பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியாயிற்று.

“யாரு நம்பரு தம்பி இவ்ளோ நீட்டு? உன்னுதா?” கோவிந்தம்மாள் மெல்லக் கேட்டார்.

“என்னுது பத்து எலக்கம்தாம்மா. அதுவும் பகா எண்ணு, ஊருக்கே தெரி...”

திறந்த வாய் மூடவில்லை. டியூஷன் சென்டர் போர்டிலேயே எழுதியிருக்கிற நம்பர், சங்கவி தினமும் பார்ப்பது.

அந்த இருபது இலக்கத்தைத் தன் நம்பரால் வகுத்தான். பஸ் குலுங்கக் குலுங்க ஒவ்வொரு இலக்கமாக இறங்கியது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் மீதி பூஜ்ஜியம், ஈவு அழகாகப் பத்து இலக்கம். சந்தோஷம் தாங்காமல் கோவிந்தம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினான். தொல்லை விட்டால் போதுமென்று அவர் ஒரு கொய்யாவைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

நம்பரை அழுத்தினான். “சங்கவி, போட்டுட்டேன்!”

“கண்ணையன் பேசறேன்” என்றது மண்டிக் குரல்.

கொய்யா கீழே விழுந்தது. “சாரி சார், ராங் நம்பர்.”

“என்னா ராங்கு? ரெண்டு மணி நேரம் ஒக்காந்து பெருக்குனவன் நான். மீதி ஏதாவது நின்னுச்சா?”

“இல்லீங்க.”

“அப்ப நாளைக்கு அம்மா அப்பாவ இட்டுக்கினு வாங்க. அந்த விழுப்புரம் மாப்ள நீங்கதான்.”