தினம் இரண்டு பிரெட்

"ரெண்டையும் முழுசா சாப்பிட்டுத்தான் எழுந்திருக்கணும்."

"வயிறு வலிக்கும் சித்தி..."

"வலிக்கட்டும். சாப்பிடு."

சொல்லிவிட்டு சித்தி பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

பத்து நாள் தங்கிப்போக வந்திருந்த அத்தைக்கு வயிறெரிந்தது. எட்டு வயசுக் குழந்தை. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. பெற்றவள் போய் நாலு வருஷம். தம்பி பஸ் டிரைவர். விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவான். அப்புறம் என்ன, வந்தவள் ராஜ்யம்தான்!

சித்தி வெளியே வந்ததும் கேட்டே விட்டாள். "ஏம்மா, ஒத்துக்காததை எதுக்குத் திணிக்கறே?"

"டெஸ்ட் எடுக்கற வரைக்கும் கொடுத்தே ஆகணும்னு டாக்டர் சொல்லியிருக்கார் அண்ணி."

"வலிக்கறதைச் சாப்பிடுன்னு எந்த டாக்டர் சொல்வார்? காதுல பூ சுத்தாதே."

சித்தி தையல் மிஷினில் போய் உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் துணி தைக்கிறவள், இந்தக் குழந்தைக்கு மட்டும் ரெண்டு வருஷமாக ஒரே யூனிஃபார்ம் பாவாடை. அத்தை அதையும் கவனித்து வைத்திருந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால் எதுதான் தப்பும்?

மறுநாளிலிருந்து, சித்தி பாத்ரூமுக்குள் போனதும் பிரெட்டை எடுத்துத் தன் பைக்குள் ஒளித்துவிட்டு, குழந்தைக்கு வாழைப்பழம் கொடுத்தாள். "சாப்பிட்டேன்னு சொல்லிடு கண்ணு."

பையில் வைத்த பிரெட் சாயங்காலத்துக்குள் காணாமல் போனது. வீட்டில் எலி வேறு! அந்தப் பழியும் சித்தி தலையில்தான் விழுந்தது.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரி. அத்தையும் கூடவே கிளம்பினாள், அப்படி ஒரு டாக்டர் இருக்கிறாரா என்று பார்க்கத்தான்.

இருந்தார். அதோடு சிரித்துப் பேசினார்.

"மூணு டாக்டர் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பியிருக்காங்கம்மா. கண்டுபிடிச்சது இவங்கதான். ரெண்டு வருஷமா பாவாடை நீளத்தை ஒரு விரல்கூட இறக்க வேண்டி வரலை, இடுப்பை மட்டும் பிரிச்சுப் பிரிச்சு விடறேன்னு அளவு நோட்டோட வந்து நின்னாங்க. சீலியாக் நோயா இருக்கும்னு எனக்குச் சந்தேகம் வந்ததே அதுலதான். கோதுமை ஆகவே ஆகாத உடம்பு."

"அப்புறம் ஏன் கொடுக்கச் சொன்னீங்க?" அத்தை கேட்டாள்.

"கோதுமை உள்ளே போனாத்தான் ரத்தத்துல தெரியும். நிறுத்திட்டா நோய் ஒளிஞ்சுக்கும். இன்னிக்குத் தெரிஞ்சுட்டா அப்புறம் கோதுமையை ஒதுக்கிட வேண்டியதுதான், குழந்தை வளர ஆரம்பிச்சுடுவா. ஆறு வாரமும் தவறாம சாப்பிட்டா இல்லையா?"

"சாப்பிட்டா டாக்டர்," என்றாள் சித்தி.

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இல்லை டாக்டர். ஏழு நாளா நான்தான்... தட்டுலேர்ந்து எடுத்து ஒளிச்சு வெச்சேன். நல்லது செய்யறதா நெனச்சு..."

சித்தியின் முகம் வெளுத்தது. "மறுபடியும் முதல்லேர்ந்தா டாக்டர்?"

"வேண்டாம்," என்றது குழந்தை. "நான் சாப்பிட்டுட்டேன். தினமும் அத்தை பையிலேர்ந்து எடுத்து."

"வலிச்சிருக்குமேடி கண்ணு!" என்றாள் அத்தை.

"வலிச்சுது. ஆனா நடுவுல விட்டா திரும்ப ஆறு வாரம்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாரே. அம்மா பாவம் அத்தை. நான் சாப்பிடறப்பல்லாம் குழாயைத் திறந்து விட்டுட்டு அழறாங்க."

அம்மா என்றது யாரை என்று அத்தைக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. சித்திக்கு அந்த ஒரு நொடிகூட ஆகவில்லை. சத்தத்தை மறைக்க அங்கே குழாய்தான் இல்லை.