அரைச் செட்டு

புது ஸ்பீக்கர் வந்ததிலிருந்து அவள் கணவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இதற்கு முன்னால் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் "இதுக்கு மேல வேண்டாம்" என்று சொன்னவர்தான். கொஞ்ச நாளில் வயரை மாற்றுவார், சோபாவை நகர்த்துவார், இன்னும் திருப்தி வரவில்லை என்பார். பாட்டு அவருக்கு, பெட்டி மேல் தூசி அவளுக்கு.

அன்று சாயங்காலம் அவருடைய ரசிகர் கூட்டம் வீட்டுக்கு வந்தது. அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டு, வயலின் எந்தப் பக்கம், டிரம்ஸ் எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்ட வேண்டும். முதலில் காட்டுபவர் எப்போதும் அவர்கள் 'தங்கக்காது' என்று பட்டப்பெயர் வைத்திருந்த பெரியவர்தான். அவர் தலையாட்டினால் செட்டு தேறியது, இல்லாவிட்டால் இல்லை.

எல்லோரும் உட்கார்ந்ததும் கணவர் தலையைச் சொறிந்தார். இடது பெட்டி காலையில் படுத்துவிட்டதாம், வலதில் மட்டும்தான் கேட்க முடியுமாம்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மத்தியானம்கூட இரண்டும் ஜோராகப் பாடின.

எல்லாமே ஒரே பக்கம் வந்தால் எதைக் கை காட்டுவது? கூட்டம் சும்மா விடுமா? ஒற்றைச் செருப்போடு கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். ஊரைக் கூட்டி அரைச் செட்டைக் காட்டுகிறானே என்றார் இன்னொருவர். கணவர் அசட்டுச் சிரிப்போடு தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அவமானமாக இருந்தது.

தங்கக்காது மட்டும் கேலியில் சேரவில்லை. கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். கிளம்பும்போது, "நல்லாப் பாடுதுப்பா" என்று கணவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாசல் கதவைச் சாத்தியதும் அவள் இடது பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். வயர் கழன்று கிடந்தது. செருகினாள். கணீரென்று பாடியது.

"என்ன கூத்து இது? நாலு பேர் முன்னாடி மானமே போச்சு. அவங்க மெச்சணும்னுதானே இத்தனை நாள் தவம் கிடந்தீங்க?"

அவர் சோபாவில் சாய்ந்துகொண்டார். "இன்னைக்குத்தான் எனக்கு இந்த செட்டு திருப்தியா இருக்கு."

"பாதி செட்டா?"

"போன வாரம் தங்கக்காதுக்கு இடது பக்கம் உட்கார்ந்து பேசினேன். அவர் திரும்பவே இல்லை. அந்தக் காது போயிடுச்சு, யார்கிட்டயும் சொல்லலை."

அவள் பாட்டை நிறுத்தினாள்.

"ரெண்டு பெட்டியும் பாடியிருந்தா, வயலின் எந்தப் பக்கம்னு முதல்ல அவரைத்தானே கேட்டிருப்பாங்க?"