சடலம் கேட்கப் போனவர்

நகரசபைப் பெரியவர் எலியாபு கிறிஸ்தவர் என்பது அவர் மனைவிக்கே தெரியாது. ஊருக்கு வந்த போதகரின் தலையை வெட்டச் சபை கை தூக்கியபோது, பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரே என்று இவரும் தூக்கினார். மறுநாள், அந்தக் காலத்தில் இயேசுவின் உடலைத் துணிந்து கேட்டு வாங்கிய பெரிய மனிதரை நினைத்ததும் இவருக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. உடலைச் சுற்றப் புதுத் துப்பட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு தேசாதிபதி முன் போய் நின்றார்.

“நானும் கிறிஸ்தவன்தாங்க. போதகர் உடலைக் கொடுங்க.”

“உடலா? ஆளு உள்ள அத்திப்பழம் தின்னுட்டிருக்காரே. பெரியவங்க யாராச்சும் வந்து கேட்டா விட்டுடலாம்னுதான் வெட்டாம வச்சிருக்கேன். உயிரோடயே கூட்டிட்டுப் போங்க.”

எலியாபு யோசித்தார். உயிரோடு என்றால் கடைத்தெரு வழியாக நடத்தித்தான் கூட்டிப்போக வேண்டும். போதகர் வாயும் சும்மா இருக்காது. எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் இவரைத் தன் சகோதரன் என்பார்.

துப்பட்டியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“அப்போ உடலை வாங்கச் சாயங்காலமா வரட்டுங்களா?”