கேட்க வேண்டிய கேள்வி

மறைந்த பெரிய ஓவியர் ஒருவரின் நினைவில்லத்தைச் சுற்றிக்காட்டிய பெண்ணை, ஓய்வுபெற்ற லாரி டிரைவர் அறைக்கு அறை கேள்வி கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தார்.

"இங்கே உக்காந்துதான் வரைஞ்சாரா?"

"இல்லைங்க, நின்னுக்கிட்டே வரைவாராம்."

"இந்த ஜன்னல் எந்தத் திசை?"

"வடக்குங்க. வெளிச்சம் அதிகம் மாறாது."

கூட வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். டிரைவரின் மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கிப் பிடித்தாள். காலண்டர் படத்தைக்கூட ஏறெடுத்துப் பார்க்காத மனுஷன், விடியும் முன்னே எழுப்பி பஸ்ஸில் கூட்டி வந்தது இதற்கா?

"சுத்தி வளைக்காதீங்க. கேக்க வேண்டியதைக் கேளுங்க," என்று காதோரம் சொன்னாள்.

"கேக்கறேன், இரு."

தோட்டத்து வாசலில் அந்தப் பெண் நின்றாள். "வீடு இதோட முடிஞ்சுதுங்க. தோட்டத்தை நீங்களே சுத்திப் பாக்கலாம். வேற ஏதாவது கேக்கணுமா?"

டிரைவர் கையைத் தூக்கினார். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"நீ நல்லா இருக்கியாம்மா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகளிடம் அவர் அன்றோடு பேச்சை நிறுத்தியிருந்தார். மனைவிதான் அவருக்குத் தெரியாது என்று நினைத்துப் போனில் பேசுவாள்; மகள் இங்கே வேலை பார்ப்பது அப்படித்தான் அவர் காதில் விழுந்தது.

மகள் எல்லாரையும் தோட்டத்துக்குள் போகச் சொன்னாள்.

"நல்லா இருக்கேன்ப்பா," என்றாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "முழங்கால் வலிக்காரியை ஏன்ப்பா இவ்வளவு நேரம் நிக்க வெச்சீங்க? முதல் அறையிலேயே கேட்டிருக்கலாமே."