ஒரு பொட்டு வெள்ளை

"அஞ்சு வயசு ஒடம்பு இந்த மருந்தைத் தாங்குமா டாக்டர்?" ராத்தி கேட்டாள்.

"எடைக்கேத்த அளவுதான் இபு ராத்தி. போன வருஷக் காய்ச்சல் உங்க பொண்ணு கினாந்தி இதயத்த என்ன செஞ்சிருக்குன்னு காட்டிடும். மருந்து தங்குற எடம் வெள்ளையாப் பளிச்சுன்னு தெரியும்" என்றார் டாக்டர் மெலாத்தி.

மயக்கத்தில் மகள் ஸ்கேன் இயந்திரத்துக்குள் கிடந்தாள். கையில் மருந்து ஏறியது. ராத்தியின் கணவன் வஹ்யு கண்ணாடி வழியே திரையையே பார்த்தான். அவள் இதயத்தின் சுவர் வளையமாய்த் தெரிந்தது. அது முழுக்கக் கறுப்பு.

"வெள்ளையே காணோமேங்க! மருந்து போய்ச் சேரலையா?" ராத்தி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"கொஞ்சம் பொறுடி" என்றவன் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டான்.

கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் ஓடிவந்தார். "பாத்தீங்களா? ஒரு பொட்டு வெள்ளை இல்ல!"

"ஐயோ, எம் புள்ள!" ராத்தி அலறிவிட்டாள்.

"அடடா, நான் சரியாச் சொல்லலையா? அந்த மருந்து, காய்ச்சல் விட்டுட்டுப் போற தழும்புலதான் தங்கும் இபு. உங்க பொண்ணு இதயத்துல அதுக்குத் தங்க எடமே கெடைக்கல! இனிமே அவ ஓடட்டும், ஆடட்டும்!"

வஹ்யு டாக்டர் முன்னாலேயே மனைவியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.