இரண்டாவது ஊசி

ஆறாம் மாதத்திலேயே ஜெசிந்தாவுக்கு வலி கண்டுவிட்டது. கணவன் ஆழ்கடலில் மீன்பிடிக்கப் போயிருந்தான், போன் எட்டாது. பக்கத்து வீட்டார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நர்ஸ் தொடையில் ஊசி போட்டாள்.

“பிள்ளையோட நுரையீரல் பலப்படுறதுக்கும்மா. நாளைக்கு இன்னொண்ணு இருக்கு. அதுவரைக்கும் பிறக்காம இருந்தா நல்லது.”

ஜெசிந்தா வயிற்றில் கை வைத்தாள். “ஒரு நாள் பொறுத்துக்க மக்கா.” பேச வேறு யாரும் இல்லை.

பிள்ளை பொறுத்தது. இரண்டாவது ஊசிக்குப் பிறகே பிறந்தது. முகத்தைக்கூடக் காட்டாமல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

“சிஸ்டர், அழுதுச்சா?”

“அழுதா. பூனைக்குட்டி கணக்கா. மூச்சுக்கு மெஷின் வெச்சிருக்கு. பார்ப்போம்.”

பெண் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாளும் பிள்ளை மெஷினில்தான் இருந்தது. ஜெசிந்தாவின் நைட்டியின் மார்பில் ஈரம் படர்ந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா துண்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள்.